சம்பளமா, உதவியா?

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது போனில் குறுஞ்செய்தி. வரி அலுவலகத்திலிருந்து. ‘தேவைப்படுவோர் இம்மாத இறுதிக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவும்.’

தேவைப்படுவோர். எனக்குத் தேவைப்படுவது நல்ல தூக்கம். அதை எங்கே தாக்கல் செய்வது?

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவரை இதையெல்லாம் முதலாளியே பார்த்துக்கொள்வார். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்ததும் வேலையை விட்டேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. அண்ணன் மாதாமாதம் அனுப்புவதில்தான் வீடு நடக்கிறது. அது வருமானமா? வருமானம் இல்லையென்றால் நான் கணக்குக் காட்ட வேண்டாம்தானே?

மார்ச் 5, வியாழன்

அவர்களுடைய இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். ‘உங்களுக்கு வருமானம் உண்டா?’ ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ‘தெரியவில்லை’ என்று ஒன்று வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

‘இல்லை’யை அழுத்தினேன். ‘உங்கள் செலவை ஏற்பவர் யார்?’ குடும்பத்தார். ‘அதற்குப் பதிலாக நீங்கள் ஏதேனும் வேலை செய்கிறீர்களா?’

அந்த நேரம் பார்த்து அப்பா ‘ம்… ம்…’ என்றார். விரிப்பு நனைந்துவிட்டது. மாற்றிவிட்டு வந்து பார்த்தால் திரை அணைந்திருந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். நான் ஆரம்பிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் பேசுவான். இன்று கேட்டுவிட்டேன்.

“அண்ணா, நீ அனுப்புற பணம் என்ன கணக்கு?”

“என்ன கணக்குன்னா? பணம்தான்.”

“உதவியா, சம்பளமா? வரி ஆபீஸ்ல கேக்குறாங்க.”

“அதையெல்லாம் நீ ஏன் நோண்டுற? அப்புறம் பேசறேன்.”

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க மறந்துவிட்டான். ஒரு வாரம்கூட மறந்ததில்லை.

மார்ச் 9, திங்கள்

பேசவில்லை.

மார்ச் 12, வியாழன்

பக்கத்து வீட்டு அக்காவை அப்பாவிடம் உட்காரவைத்துவிட்டு வரி அலுவலகம் போனேன். வரிசை வாசல் வரை. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைவிடச் சின்னவள், நல்ல மாதிரி. என் வரி எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உங்க பேர்ல ஏற்கெனவே வருமானம் காட்டியிருக்காங்களே.”

“யாரு?”

அண்ணன் பேரைப் படித்தாள். “வீட்டுப் பராமரிப்பாளர்னு போட்டிருக்கு. மூணு வருஷமா. அவர்தான் உங்க முதலாளி.”

“அவர் என் அண்ணன்ங்க.”

“ரெண்டாவும் இருக்கலாம்க்கா.”

எரிச்சல் இல்லாமல்தான் சொன்னாள். வரி எதுவும் வராதாம், தொகை அவ்வளவு சிறியது. ஆனால் கணக்கைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். என்னைச் செலவில் காட்டி அவன் வரிச் சலுகை வாங்கியிருக்கிறான்.

“இதுல லீவுச் சம்பளம்னு ஒரு தொகை இருக்கு. லீவு எடுத்தீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினாள். வீட்டில் ஆலோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். யாரிடம் ஆலோசிப்பது?

மார்ச் 13, வெள்ளி

அண்ணனை நானே போனில் கூப்பிட்டேன்.

“கணக்கு பார்க்கிறவர் சொன்னாரு, செஞ்சேன். பேப்பர்லதானே?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ மனசு கஷ்டப்படுவே.”

அண்ணி போனை வாங்கினார். “அந்தச் சலுகை வர்றதாலதான் மாசாமாசம் அனுப்ப முடியுது. இங்கயும் ரெண்டு பசங்க படிக்கிறாங்கல்ல?”

பொய் சொல்லல அவங்க. அதான் கஷ்டமா இருக்கு. பொய்யா இருந்தா கத்தித் தீர்த்திருப்பேன். இப்ப என்னன்னு கத்துறது? நான் பாத்தது வேலைதானே? அதுக்குக் காசு வந்துச்சுதானே? அப்ப ஏன் இப்படி வலிக்குது — மகள்னு போட ஒரு கட்டம் எங்கயுமே கிடையாதா?

மார்ச் 14, சனி

அப்பாவுக்கு நகம் வெட்டினேன். முடிந்த பிறகும் இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இது வேலை நேரமா என்று ஒரு நினைப்பு.

சீ. இப்படி யோசிக்க ஆரம்பித்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

மார்ச் 20, வெள்ளி

தாக்கல் செய்துவிட்டேன். தொழில்: வீட்டுப் பராமரிப்பாளர். அதே பெண்தான் உதவினாள். “அவ்வளவுதான்க்கா, முடிஞ்சுது” என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால், நான் வரும்வரை, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தும், அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

மார்ச் 22, ஞாயிறு

எதுவுமே நடக்காத மாதிரி அண்ணன் பேசினான். வெயில், பசங்க, முட்டி வலி. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

“அண்ணா, எனக்கு லீவு வேணும்.”

“என்ன லீவு?”

“நீ எழுதிக் குடுத்திருக்கியே, அந்த லீவு. ஒரு வாரம் போதும்.”

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான்.

மார்ச் 28, சனி

வந்துவிட்டான். வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். எப்படிப் புரட்டுவது, எப்படித் தலையணை வைப்பது, மாத்திரையை எப்படிப் பொடித்துக் கொடுப்பது எல்லாம் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையாட்டினான். அப்பா அவனைப் பார்த்து அழுதார். என்னைப் பார்த்து அவர் அழுததில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றபோதுதான் போக இடமே இல்லை என்று உறைத்தது. கடைசியில் குண்டூசி வீட்டுக்கு வந்தேன். பழைய கடையில் என்னோடு வேலை பார்த்தவள். ஒல்லி என்பதால் அந்தப் பேர். பேச்சும் கூர்தான். ஏன் எதற்கு என்று கேட்காமல் பாய் விரித்தாள்.

மார்ச் 30, திங்கள்

நேற்று முழுக்கத் தூங்கினேன். இன்று அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். “தனியா எப்படித் தூக்குவே நீ? சொல்லேன்!” கடைசித் தடவை கூப்பிட்டபோது அவன் குரல் உடைந்திருந்தது.

கிளம்பினேன். குண்டூசி என் செருப்பை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். “உக்காருடி. உங்க அண்ணனுக்கும் அவர்தானே அப்பா?”

உட்கார்ந்தேன். உடம்பு மட்டும்தான் இங்கே.

ஏப்ரல் 4, சனி

வீட்டுக்குத் திரும்பினேன். சரியாகப் புரட்டாததில் அப்பா முதுகு சிவந்து தடித்திருந்தது. யாரைத் திட்டுவது? போனது நான்தானே?

அண்ணன் சவரம் செய்யாத முகத்தோடு நாற்காலியில் இருந்தான். “என்னால முடியல. ஆள் போட்டுடலாம்” என்றான். அதற்குமேல் ஏதாவது சொல்வான் என்று நின்றேன். அவன் ரயில் நேரம் பார்க்க ஆரம்பித்தான். கை கழுவிக்கொண்டு அப்பாவைப் புரட்டினேன்.

மே 4, திங்கள்

இன்று முதல் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருகிறார், காலையிலிருந்து சாயங்காலம் வரை. நல்ல அனுபவம், பேச்சு குறைவு. எனக்கு அனுப்பியதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளம். அண்ணன் பேரமே பேசவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு.

நான் கண்ணாடிக் கடைக்குப் போனேன். குண்டூசி முதலாளியிடம் பேசி வைத்திருந்தாள். கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகாணி கையில் நிற்கவில்லை, இரண்டு தடவை தரையில் தேடினேன். மதியம் வரை வீட்டு நினைப்புதான். அப்புறம் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “ஐயோ, எதிர்த்த போர்டு தெரியுதே!” என்றார். அப்போது கொஞ்ச நேரம் எதுவுமே நினைவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா தூங்கிவிட்டிருந்தார். விரிப்பில் சுருக்கமே இல்லை.

“நல்லா சாப்பிட்டாரும்மா. தண்ணியும் குடிச்சாரு” என்றார் அந்த அம்மா, பையை மாட்டிக்கொண்டே.

என்னைத் தேடினாரா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வாசல் வரை போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.