படத்தில் இல்லாத காட்சி

அன்புள்ள அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன்.

நீங்களும் நானும் சேர்ந்து படித்த ஒற்றனைப் பற்றிய அந்த நாவலைப் படமாக எடுத்தார்களே, அந்தப் பழைய படத்தை நேற்று நூலகத்தில் போட்டார்கள். நீங்கள் வீட்டை விட்டுப் போன பிறகு அம்மா வெளியே வந்தது இதுதான் முதல் தடவை. படம் முடிந்ததும், மறக்க முடியாத காட்சி எது என்று பேச்சு கிளம்பியது. படம் பார்க்க வந்திருந்த நம் தெருத் தையல்காரர் ரயில் கூரைச் சண்டை என்றார்.

"அட போங்க சார், பாலத்துல கைதிகளை மாத்திக்கிறாங்களே, அதுக்கு ஈடாகுமா?" என்று பல் டாக்டர் மல்லுக்கு நின்றார்.

அம்மா மெதுவாக, "விடியக்காலையில, தூங்குற தன் பொண்ணை எழுப்பாம, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு அவன் கிளம்புவானே, அதுதான்" என்றாள்.

"அப்படி ஒரு காட்சியே இல்லையேம்மா! எனக்கு இந்தப் படம் மனப்பாடம்" என்று பல் டாக்டர் சிரித்தார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"இருக்கு அங்கிள், நான் பார்த்தேன்" என்றேன். "அந்தப் பொண்ணு தூங்கவே இல்லை. கூப்பிட்டிருந்தா எழுந்திருப்பா. இப்பக் கூப்பிட்டாலும் வருவா."

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு வழக்கு? மறுபடியும் போட்டுப் பார்த்துடுவோம்" என்றார் தையல்காரர். அந்தக் காட்சி வராது என்று தெரிந்தும் நாங்கள் எழுந்து போகவில்லை. விளக்குகளை அணைத்தார்கள்.

உங்கள் மகள்