தட்டாமலே வரலாம்

மாற்றுத்திறனாளிகளுக்கு வாடகைக்கு விடவென்று, படிக்குப் பதில் சாய்தளம் வைத்து, வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அறைகள் கட்டியிருந்தாள் மார்ஜரி. முதலில் குடிவந்தவள், சக்கர நாற்காலியில் இருக்கும் மகள் டயனாவேதான். நேற்று மார்ஜரி தன் சாவியால் திறந்து உள்ளே போனதும் அவள் கத்தினாள்: "வேற ஆள் குடியிருந்தா இப்படி நுழைவீங்களா, மம்மி?"

இன்று இரத்தோட்டை பஸ்ஸுக்குக் கிளம்புமுன் மார்ஜரி சீட்டு எழுதினாள்.

"டயனா, பலாக்காய்க் கறி ஒன் கதவுகிட்ட இருக்கு. ரெண்டாவது ரூமைப் பார்க்க லெஸ்லின்னு ஒருத்தர் வருவார், நீயே காட்டு. நேத்து என்மேலதான் தப்பு."

அடியில் நெருக்கி எழுதினாள்: "என்கிட்ட இருந்த சாவியும் இதோட இருக்கு. என் வீட்டுக்கு நீ எப்பவும் தட்டாமலே வரலாம்."

சீட்டை வைத்துவிட்டுத் திரும்பியவள் தன் வாசலின் மூன்று படிகளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் மகளைத் தூக்கிக்கொண்டே ஏறியவளுக்கு, அங்கே ஒரு சாய்தளம் வைக்கத் தோன்றவேயில்லை.