மிளகுக்கு ஓர் அத்தை வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, குனிந்து பாரம் தூக்காதே. போனில் பேசியிருக்கலாம், ஆனால் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், நான் சொல்லப்போவது அவர் காதில் விழக் கூடாது. அதனால் நாளைக்கு எல்லையைத் தாண்டி உங்கள் பக்கம் வருகிற லாரிக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. எல்லைக் கேட்டுக்கு எதிரே, டயர் கடைக்குப் பின்னால் அதே ஒற்றை அறைதான். காலையில் தாண்ட வழியில்லாமல் கிடக்கிற ஜனங்களுக்கு சூப்பு, மத்தியானம் அப்பாவின் மருந்துப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதபாடம். தூரத்துச் சபைகளிலிருந்து வருகிற துணிப் பெட்டியைப் போன வாரம் பிரித்தால் உள்ளே முழுக்கக் கழுத்தில் கட்டுகிற டை. வயிறு ஒட்டி நிற்கிறவனுக்கு டை எதற்கு, நான் அதைச் சுருட்டிப் பிடித்து அடுப்பிலிருந்து அண்டாவை இறக்குகிறேன். சிரிக்கிறாயா, சிரித்துக்கொள், இனிமேல் எழுதப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மிளகைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன், லாட்ஜில் துணி துவைக்கிற பெண்ணின் மகள், ஆறு வயசு, ஆளும் மிளகளவு பேச்சும் அந்தக் காரம் என்று அப்பா வைத்த பேர். அப்பன் போனவன் போனவன்தான், எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று இப்போது தெரிந்தது, நாலு படி ஏறினால் உதடு நீலம் பாய்ந்துவிடுகிறது. கேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இலவசமாக ஆபரேஷன் செய்கிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். தாயிடம் எந்த அடையாளச் சீட்டும் இல்லை, அவள் தாண்ட முடியாது. அப்பா கூட்டிப்போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அவள் தயங்கித் தயங்கி நின்றாள். எங்க வீட்டுக்காரர் கையில கொடுத்தா கர்த்தர் கையில கொடுத்த மாதிரி, பயப்படாதேன்னு பெரிய வாயாகப் பேசினேன்.

கேட்டில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன். சொந்தக்காரர் என்றால்தான் பிள்ளையோடு கூடப் போகலாம் என்பது அங்கே சட்டம். அதை மனசில் வைத்து, முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டே, பேத்தியா பெரியவரேன்னு கேட்டிருக்கிறார். ஆமான்னு ஒரு வார்த்தை. அது கூட வேண்டாம், தலையை ஆட்டியிருந்தால் போதும், இருமியிருந்தாலும் போதும். உன் அப்பா நிமிர்ந்து நின்று, இல்லைங்க, எனக்குப் பேத்தி கிடையாது, இது எங்ககிட்ட சாப்பிட வர்ற பிள்ளைன்னு சொல்லியிருக்கிறார். நாள் முழுக்கத் தாத்தா தாத்தா என்று அவர் காலைச் சுற்றுகிற பிள்ளை, அவர் விரலைப் பிடித்தபடியே அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்ததாம். கடிதம் இருப்பதால் பிள்ளை போகலாம், நீங்கள் போக முடியாது என்று அவளை மட்டும் வாங்கி அந்தப் பக்கத்துக் காப்பகத்தில் விட்டுவிட்டார்கள். இவர் வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றார். பிள்ளை எங்கேங்கன்னு தாய் கேட்டதற்கு என்னைப் பார்க்கிறார்.

சொந்தம் என்று யாராவது வந்து கையெழுத்துப் போட்டால்தான் கத்தி வைப்போம் என்கிறார்கள் ஆஸ்பத்திரியில். படுத்தா மூச்சு முட்டுது, உட்கார்ந்தே தூங்குது, சீக்கிரம் யாராவது வாங்கம்மான்னு காப்பகத்து ஆயா போனில் அழுகிறாள். தாய் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல் காலையில் வந்து அண்டாவைத் தேய்க்கிறாள், தேய்த்த அண்டாவையே மறுபடி தேய்க்கிறாள். திட்டித் தீர்த்தால் கூடத் தேவலை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் எனக்குச் சண்டைதான் வருகிறது, கர்த்தரோடும் உன் அப்பாவோடும். அவர் சாப்பிடுவதில்லை, நான் அவரோடு பேசுவதில்லை.

என் கண்ணே, நீ போ. நீ அந்தப் பக்கத்திலேயே இருக்கிறாய், ரயிலில் ஒரு பகல், உன்னை யார் தடுக்கப்போகிறார்கள். மிளகின் சித்தி நான் என்று சொல், கையெழுத்துப் போடு. பொய் சொன்னால் நாக்கில் மிளகாய் வைப்பேன் என்று உன்னை மிரட்டி வளர்த்த அம்மாதான் எழுதுகிறேன். பாவம் என்றால் என் தலையில் விழட்டும். உங்களுக்கு ஊர்ப் பிள்ளைங்கதான் பிள்ளைங்கன்னு போன தடவை நீ சொன்னது மறக்கவில்லை, அந்தக் கோபத்தை அப்புறம் வந்து தீர்த்துக்கொள், வாய் திறக்காமல் கேட்கிறேன். இப்போது போ. உன்னை விட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதுவரை எழுதி வைத்துவிட்டுக் கவர் வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். கிழித்துப்போடுவார் என்று நின்றேன். மடியில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். பிறகு, சித்தி வேணாம், சித்தின்னா உங்க அக்கா எங்கேன்னு கேட்பாங்க, நம்ம பிள்ளை மாட்டிக்கும், அத்தைன்னு சொல்லச் சொல்லு, அண்ணன் எங்கேன்னா தெரியாதுன்னு சொல்லட்டும், மிளகோட அப்பன் இருக்கிற இடம் நெசமாவே யாருக்கும் தெரியாது, அந்த அளவுக்காவது பொய் குறையும்னார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆகவே சித்தி இல்லை, அத்தை. இனிமேல் போனிலேயே சொல்லலாம், நாளைக்குச் சொல்லவும் செய்வேன், ஆனாலும் இந்தக் காகிதம் உன் கையில் இருக்க வேண்டும். மிளகு உன்னைப் பார்த்ததில்லை. இவங்க யாருன்னு கேட்டால் தெரியாதுன்னு உள்ளதைச் சொல்லிவிடுவாள், அப்பாவின் வேதபாடத்தில் வளர்ந்த பிள்ளை. அதனால் மற்றவர்களிடம் பேசும் முன்னே இதன் கடைசி வரியை அவளுக்குக் காட்டு. எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அப்பாவே தன் கையால் எழுதித் தருகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டார். கர்த்தர் உனக்கு முன்னே போய்க் கதவு திறந்து வைக்கட்டும், உன்னையும் மாப்பிள்ளையையும் குறைவில்லாமல் நடத்தட்டும். வழியில் சாப்பிடாமல் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
மிளகோட தாத்தா