கடலுக்குப் பயந்தவள் என்று சொன்னீர்களாமே

அன்புள்ள ஷீபா அப்பாவுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் கடிதத்திலும் இப்படியே இருக்கட்டும். நம் கோயிலில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். இறந்துபோனவர்களைப் பற்றி வீட்டிலிருப்பவர்கள் நாலு வரி எழுதித் தர வேண்டுமாம். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது மேரி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தோணி சாரப் பத்தி நீங்கதான் எழுதணும் டீச்சர். எங்க எல்லாரையும் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காமிச்சவரு" என்றார்.

எல்லாரையும்! சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் நாலு வரியில் அடங்கவில்லை. போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

முதலில் வீட்டு விஷயம். ஷீபாவுக்கு வேலை மாறிவிட்டது. ஒயிட்ஃபீல்டுக்குப் போய்வரவே அவளுக்கு உயிர் போகிறது. உங்கள் ஸ்கூட்டரை எதிர்வீட்டுப் பையன் எடுத்துக்கொண்டான். தெருவைத் திரும்பவும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். உங்கள் நீலச் சட்டைகள் ஆறும் அலமாரியில்தான் இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள் ஷீபா. கொடுக்கலாம். இன்னும் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். நான் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டு வந்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டூரிஸ்ட் பஸ்ஸில் கைடு. இருபத்தாறு வருஷம், சனிக்கிழமை விடியற்காலையில் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகுதான் இறங்குவீர்கள். 'பாண்டிச்சேரியில் பார்த்தே ஆக வேண்டிய பத்து இடங்கள்' என்பதுதான் நம் வீட்டின் அடுப்பை எரிய வைத்தது. ஊரெல்லாம் குடும்பத்தோடு பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போனேன். "அந்தோணி இல்லையா?" என்று கேட்பவர்களுக்கு "பாண்டி" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிவிட்டது.

அந்தப் பத்து இடங்களையும் எழுதிக் கொடுத்தது யார்? நான். தமிழ் மீடியத்தில் படித்த உங்களுக்கு இங்கிலீஷ் வாயில் நுழையவில்லை. வடக்கத்திக்காரர்கள் கேள்வி கேட்டால் வியர்க்கிறது என்று வந்து நின்றீர்கள். கலங்கரை விளக்கம், கடற்கரைச் சாலை, கடலுக்குள் தூண்கள் மட்டும் நிற்கும் பழைய பாலம், மஞ்சள் சுவர்த் தெருக்கள், பூங்காவின் நடுவில் இருக்கும் ஆயி மண்டபம், ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் கிறிஸ்தவக் கோயில் என்று நூலகப் புத்தகங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் நாலு இங்கிலீஷ் வாக்கியம் எழுதினேன். இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதி, எங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அதை லேமினேட் செய்துகொண்டீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடி முன் நின்று ஒப்பிப்பீர்கள், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே திருத்துவேன். பார்க்காத ஊரை நான் அப்படி மனப்பாடமாக வைத்திருந்தேன்.

என்னையும் கூட்டிப்போங்கள் என்று மூன்று தடவை கேட்டேன். கல்யாணமான புதிதில் ஒரு தடவை. ஷீபாவுக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்த வருஷம் ஒரு தடவை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு தடவை. மூன்றுக்கும் உங்களிடம் ஒரே பதில்தான். "சீட் ஃபுல்லுமா. அடுத்த வாரம் பாக்கலாம்."

தனியாகவே பஸ் பிடித்துப் போயிருக்கலாம், தெரியும். ஷீபாவும் அதைத்தான் கேட்கிறாள். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை இல்லை ஷீபா அப்பா. நீங்கள் கூப்பிட வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். அதற்குப் பெயர் வீம்பு என்றால் வீம்பாகவே இருக்கட்டும்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆன பிறகு ஷீபா உங்கள் பழைய கம்பெனியிலேயே எனக்கு ஒரு சீட் போட்டாள். "நீயே ஒரு தடவ போய்ட்டு வாம்மா. மனசு ஆறும்" என்றாள். சீட் உடனே கிடைத்தது. ஜன்னல் ஓரம். அதிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இப்போது மஞ்சுநாத் என்று ஒருவர் கைடு. முப்பது வயது இருக்கும், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். அவருக்கு என்னைத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. அத்திபெலே எல்லை தாண்டி ஓசூர் ரோடு விரிந்ததும் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மூலைகள் உரிந்த லேமினேட் அட்டை. என் கையெழுத்து. சிவப்புக் கோடுகள்கூட அப்படியே இருந்தன. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் "அது நான் எழுதியது" என்று சொல்ல வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குள் மஞ்சுநாத்தின் மைக் கரகரத்தது.

"எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். என் பொண்டாட்டி மட்டும் வரல. அவளுக்கு எல்லாத்துலயும் தைரியம் சார். என்னை மிரட்டுறதுல ஃபுல் தைரியம். கடல்னா மட்டும் பயம்! வாரா வாரம் கூப்பிடுறேன். அலை இழுத்துட்டுப் போய்டும்னு கதவச் சாத்திக்குறா. நமக்கென்ன, ரெண்டு நாள் நிம்மதி!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெண் முழங்கையால் இடித்து, "பாவம், எந்த ஊர்ப் பொண்ணோ, இப்படிப் பயப்படுது" என்றாள். நானும் சிரித்தேன்.

கிருஷ்ணகிரி தாண்டி டீக்கு நிறுத்தினார்கள். மஞ்சுநாத் தனியாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தன வருஷம் ஆச்சு தம்பி?"

"எனக்கா? இன்னும் ஆகல ஆன்ட்டி."

"அப்ப கடலுக்குப் பயப்படுற பொண்டாட்டி?"

அவர் சிரித்தார். "அது நாங்க பேச வேண்டிய லைன்ல இருக்கு ஆன்ட்டி. முன்னாடி அந்தோணி சார்னு ஒருத்தர் இருந்தாரு. அவருக்கு ஒடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடியே, அவர் பஸ்ல பேசுறத எல்லாம் ஆபீஸ்ல ரெக்கார்டு பண்ணி வெச்சாங்க. புதுசா வர்றவங்க அதக் கேட்டு அப்படியே பைஹார்ட் பண்ணணும். அந்த ஜோக்குக்குத்தான் பஸ்ஸே எந்திரிச்சு உக்காரும். அத மட்டும் விடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"அந்த ரெக்கார்டு உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கே. கேக்குறீங்களா?"

போனைக் காதில் வைத்தேன். முதலில் நீங்கள் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தீர்கள். மைக்கைத் தட்டினீர்கள். பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டேன். ஒரு வருஷம் கழித்து உங்கள் குரல். ஆஸ்பத்திரிக் குரல் இல்லை, நல்லாயிருந்தபோது இருந்த குரல். அப்புறம் அந்த ஜோக். அப்புறம் சிரிப்பு. சிரிப்புக்கு நடுவில் யாரோ ஒரு அம்மா கேட்கிறார், "ஒரு தடவ கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வாங்களேன் சார், பாவம்."

நீங்கள் யோசிக்கவே இல்லை. "கூட்டிட்டு வந்துட்டா அப்புறம் நான் எத வெச்சும்மா பொழைக்குறது?" என்றீர்கள். மறுபடியும் பஸ் சிரித்தது.

கேட்கிறேன், நிஜமாகவே அதுதான் காரணமா? அல்லது கேட்ட அம்மாவின் வாயை அடைக்கச் சொன்னதா? மூன்று தடவையும் சீட் உண்மையிலேயே ஃபுல்லாக இருந்ததா? ஒரு தடவையாவது இருந்ததா? எனக்குத் தெரிந்தவர்களில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது மஞ்சுநாத் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏன் ஆன்ட்டி, என்ன ஆச்சு?" என்றார். அந்தோணி சாரின் மனைவி நான்தான் என்றேன். டீ கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டார். "ஐயோ ஆன்ட்டி, கொத்தே இல்ல! சத்தியமா எனக்குத் தெரியாது" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த ஆளின் மேல் என்ன தப்பு? அவர் பாடம் ஒப்பித்தார்.

பத்து இடங்களையும் பார்த்தேன். உங்கள் கலங்கரை விளக்கம் நான் எழுதிய அளவுக்கு உயரமில்லை. மஞ்சள் சுவர்த் தெருவில் யாரோ குடியிருக்கும் வீட்டு வாசற்படியில் நம் பஸ்ஸில் வந்தவர்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, எங்களைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். பூங்காவில் ஆயியின் கதை வந்தது. ராஜா சொன்னாரென்று தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டியவள். அந்தக் கதையை எவ்வளவு மரியாதையாகச் சொல்வீர்கள், குரல்கூடத் தழுதழுக்கும். என்றைக்கோ இருந்த ஒருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் குறைவாகச் சொன்னதில்லை நீங்கள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தக் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றேன். உங்கள் ஆன்மாவுக்காக ஜெபிக்கத்தான் போனேன். பாதியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடிச் சன்னல்களில் புனிதர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. அங்கே முழுக்கக் கருங்கல்தான் என்று நான் எழுதியிருந்தேன். இப்போது ஓரிடத்தில் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அட்டையைத் திருத்த வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முதல் அலை கணுக்காலுக்கு வந்தது. இன்னும் இரண்டு அடி போனேன். முழங்கால் வரை நனைந்து, புடவை கனத்துப் போயிற்று. அறுபத்தோரு வயதில் முதல் தடவையாகக் கடலில் நிற்கிறேன். பயம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். கால் அடியில் மண் சறுக்கும்போது கூசியது, சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. அழுதுவிட்டேன்.

திரும்பி வரும்போது அத்திபெலேயில் உங்கள் வழக்கம் ஒன்று உண்டே, மைக்கை சீட் சீட்டாகக் கொடுத்து, எந்த இடம் பிடித்தது என்று எல்லாரையும் பேச வைப்பது. அதையும் விடவில்லை. மஞ்சுநாத் என் சீட்டைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"எனக்குக் கடல் பிடிச்சுது. நேத்து காலைல ஒரு ஜோக் கேட்டீங்களே, அந்தப் பொண்டாட்டி நான்தான். எனக்குக் கடல்னா பயம் கிடையாது. என்னை யாரும் கூப்பிடல, அதனால வரல" என்றேன்.

பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், காக்ஸ் டவுன் வரும்வரை விடவில்லை.

இறங்கும்போது மஞ்சுநாத், "அந்த லைன இனிமே சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்றார். அந்த ரெக்கார்டை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். தினமும் ஒரு தடவை கேட்கிறேன். நீங்கள் தொண்டையைக் கனைப்பீர்கள், மைக்கைத் தட்டுவீர்கள். "எல்லாரும் குடும்பத்தோட வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்" என்பீர்கள். அங்கேயே நிறுத்திவிடுவேன். மேற்கொண்டு கேட்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று மலரில் எழுதினால் நம் கோயில் சாமியாருக்குச் சந்தோஷமாக இருக்கும். எழுதப் போவதில்லை. ஆனால் கல்லறைத் திருநாளன்று வருவேன். கல்லைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உங்களோடு இதையெல்லாம் இன்னொரு தடவை சத்தமாகவே பேசுவேன்.

உங்கள் கல்லறைக் குழியை ஆழமாகவே வெட்டச் சொன்னது நான்தான். உங்களுக்கு மேலே எனக்கு இடம் விட்டிருக்கிறது, கல்லிலும் உங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. என் நாள் வரும்போது நேரே அங்கேதான் வருவேன், இது சத்தியம். அந்த சீட் ஃபுல் என்று உங்களால் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கூப்பிடாமலே வரப்போகும் உங்கள் மனைவி,
ஸ்டெல்லா