கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட கர்னலுக்கு

எங்கள் வீட்டுச் சுவரில் மீசையோடு குடியிருக்கும் அன்புத் தாத்தாவுக்கு,

தீபாவளி முடிந்த கையோடு எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. முறுக்கு டப்பாக்கள் காலியாகி, விருந்தாளிகளும் ஓய்ந்த பிறகுதான் உட்கார முடிந்தது. "அவர் செத்தே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கொஞ்சம் லேட்டானா கோவிச்சுக்க மாட்டாரு" என்கிறார் உங்கள் பேரன் சுரேஷ்.

சுரேஷ் என் கணவர். அவர் உங்கள் பேரனே இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் சொல்லத் தயங்கும் சேதி.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. என் மாமனாரின் அப்பா, மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரை பங்களாவில் சமையல்காரர். துரை ஊருக்குப் போகும்போது உங்களைச் சுவரிலேயே விட்டுவிட்டார். "இவர் யாருங்க துரை?" என்று கேட்டதற்கு, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் என்று பதில். அது போதாதா? எங்கள் மூத்த பாட்டன் ஒருவர் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தார் என்று இந்தக் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. எங்களிடம் கதை இருந்தது, படம் இல்லை. உங்களிடம் படம் இருந்தது, சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. சமையல்காரர் உங்களைக் கும்பிட்டு இறக்கி, துண்டில் சுற்றி, சைக்கிளில் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டார்.

பாட்டன் ஏன் இவ்வளவு வெள்ளை என்று கேட்டவர்களுக்கு, "கறுப்பு வெள்ளை படத்துல எல்லாரும் வெள்ளைதான்" என்று சொல்லி வாயை அடைத்தாராம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்தின நாள், மற்ற பெரியவர்களோடு உங்களுக்கும் மாலை, உங்களுக்கும் இலை. ஆட்டுக்கறி, வடை, ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர். அதோடு, பட்டாளத்துப் பாட்டனுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர் என்று யாரோ சொன்னதால், அதுவும். நான் கிளேபாங்கில் வளர்ந்தவள், கடலோரத்துக்காரி. எனக்கே அந்தக் காரம் கண்ணில் தண்ணீர் வரவைக்கும். நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?

இந்த வீட்டில் உங்களோடு அதிகம் பேசுகிறவள் என் மகள் கவினா. நான்கு வயது. வீட்டுக்குள் மழை மாதிரி பேசுவாள். வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். பாலர்பள்ளியில் சேர்த்து மாதக்கணக்காகியும் ஒரு சொல் கூடப் பேசவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கூடக் கேட்கமாட்டாள், ஆசிரியையின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். விருந்தாளி வந்தால் என் துப்பட்டாவுக்குள் போய்விடுவாள். நான் இணையத்தில் தேடாத பக்கம் இல்லை, கேட்காத டாக்டர் இல்லை. "பயப்படாதீங்க, வந்துரும்" என்கிறார்கள். எப்போது என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஆனால் பாலர்பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட மாட்டாள், நேரே உங்கள் முன்னால் வந்து நிற்பாள். "மீசைத் தாத்தா, இன்னைக்கு அந்தப் பையன் என் கிரேயானைக் கடிச்சிட்டான் தெரியுமா?" அன்று முழுக்க அவள் சொல்லாமல் விட்டதெல்லாம் உங்களிடம்தான் கொட்டும். நான் அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்பேன். வேறு எப்படித்தான் எனக்குத் தெரியும்?

அப்படி இருக்கும்போதுதான் சுரேஷ் புது போன் வாங்கினார். எதைக் காட்டினாலும் அது என்னவென்று சொல்லுமாம். வாசல் செடியைக் காட்டினார், பக்கத்து வீட்டு நாயைக் காட்டினார். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது உங்களைக் காட்டினார்.

போன் உங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டது. பிரான்ஸ் நாட்டுக் கர்னல், பிறகு அரசியல்வாதி. பெயரை மட்டும் எங்களால் சொல்ல முடியவில்லை. உங்கள் பாஷையில் எழுதுகிற எழுத்தில் பாதியை உச்சரிக்காமல் விட்டுவிடுவீர்களாமே, எந்தப் பாதி என்று யாருக்குத் தெரியும்?

என் மாமனார், அதாவது மாமா, காப்பியும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லாடம் அடிக்கிறவர் மகனாகப் பிறந்தீர்கள், மீசை முளைக்கும் முன்பே பட்டாளத்தில் சேர்ந்தீர்கள், பாலைவனத்தில் சண்டை போட்டு இரண்டு விரல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள். அதுவரை மாமா முகத்தில் பெருமை இருந்தது. பிறகு தேர்தலில் நின்றீர்கள், ஜெயித்தீர்கள், கட்சி மாறினீர்கள், மறுபடியும் மாறினீர்கள்.

"கட்சி வேற மாறியிருக்கானா!" மாமா காப்பியை மேசையில் வைத்துவிட்டார். "நம்ம குடும்பத்துல ஒருத்தன் தவளை மாதிரி தாவினதில்ல. கோயில் மீட்டிங்ல எல்லாம் எங்க பாட்டன் எங்க பாட்டன்னு பேசியிருக்கேனே. எவனோ ஒரு வெள்ளைக்காரனுக்கா இத்தனை காலம் இலை போட்டோம்?"

"விடுங்கப்பா, அவருக்கு வேற யாரு படைக்கப் போறா?" என்றார் சுரேஷ்.

"அவன் ஊருல சிலை வச்சிருப்பான், அங்க போயி சாப்பிடட்டும். படையலுக்கு முன்னால எறக்கிடுறேன்."

மாமாவின் அக்கா, லூபோக் சீனா என்ற ஊரில் இருக்கும் அத்தை, செய்தி கேட்டு போனில் கத்தினார். "போனுக்கு என்னடா தெரியும்? மூக்கைப் பாரு! அப்படியே நம்ம சுரேஷு மூக்கு லா!" மாமா மசியவில்லை.

நீங்கள் போய்விட்டால் கவினா யாரிடம் பேசுவாள்? பேசுவதற்கு அவளுக்கு இருக்கும் ஒரே ஆள் நீங்கள். இதை மாமாவிடம் சொன்னால், "குழந்தைக்கு வேற சாமிப்படம் வாங்கித் தரேன்மா" என்பார். சாமியும் நீங்களும் அவளுக்கு ஒன்றா?

அன்று சுரேஷின் போனை வாங்கி உங்கள் கதையை மிச்சமில்லாமல் படித்தேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். நாடாளுமன்றத்தில் முதல் நாள் பேச எழுந்தீர்கள். பீரங்கிக்கு முன்னால் நின்ற மனிதர், அங்கே ஒரு சொல் வராமல், அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். சிரித்தார்கள். பத்திரிகைக்காரன் உங்களை வாய் திறந்த மீனாக வரைந்தான். அதற்குப் பிறகு தினமும் லாயத்துக்குப் போய், உங்கள் குதிரைக்கு முன்னால் நின்று பேசிப் பழகினீர்களாம்.

மறுநாள் கவினாவுக்குத் தலை வாரிக்கொண்டே இதைச் சொன்னேன்.

"குதிரை என்னம்மா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டு நின்னுச்சு."

"மீசைத் தாத்தா மாதிரியா?"

"ஆமாடி."

அதற்குப் பிறகு சிக்கு எடுத்தபோது கூட அழவில்லை.

படையல் அன்று வீடு நிறைய சொந்தம். கவினா வழக்கம்போல என் துப்பட்டாவுக்குள். மாமா நாற்காலியைப் போட்டு ஏறினார். உங்கள் சட்டத்தில் கை வைத்தார். துப்பட்டா இழுபட்டது. திரும்பிப் பார்த்தால், என் மகள் கூடத்தின் நடுவில், அத்தனை பேர் முன்னால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எறக்காதீங்க தாத்தா! மீசைத் தாத்தா இன்னும் சாப்பிடல லா!"

குக்கர் கூட அந்த நேரம் பார்த்து விசிலை நிறுத்திக்கொண்டது. மாமா நாற்காலி மேல் நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன், அதனால் சுரேஷைப் பார்த்தார். அவரும் உபயோகமில்லை. லூபோக் சீனா அத்தைதான் வாயைத் திறந்தார்.

"குரலைக் கேட்டியா? பட்டாளத்துக் குரல்! நம்ம ரத்தம் இல்லன்னு எவன்டா சொன்னது?"

மாமா மெதுவாக இறங்கினார். துண்டால் உங்கள் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, விருந்தாளியா இருந்துட்டுப் போகட்டும். இலையைப் போடுமா" என்றார். பிறகு, உண்மையான காரைக்கால் பாட்டனுக்காக உங்கள் பக்கத்தில் படமில்லாமல் ஒரு விளக்கை வைத்தார். முகம் தெரியாத அவருக்கும் இப்போது ஓர் இடம் இருக்கிறது. உங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு.

இன்னொரு சேதி. போன வாரம் பாலர்பள்ளியிலிருந்து போன் வந்தது. காய்ச்சலோ, விழுந்துவிட்டாளோ என்று கார் சாவியைத் தேடி ஓடினேன். ஆசிரியை சொன்னார்: "கிரேயானைக் கடிச்ச பையனை இன்னைக்கு ஒரு வழி பண்ணிட்டா. கொஞ்சம் மெதுவா பேசச் சொல்றீங்களா?" சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சில நாள் இன்னும் வாய் மூடியேதான் திரும்பி வருகிறாள். அந்த நாட்களில் உங்கள் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறாள். நீங்களும் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள்.

அடுத்த படையலுக்கு மலாக்கா டவுனில் தேடி, உங்கள் ஊர் நீள ரொட்டி வாங்கி வைப்பேன். கருவாட்டுக் குழம்பு பக்கத்தில் இருக்கும், வேண்டுமானால் தொட்டுக்கொள்ளுங்கள். கவினா பெரியவளானதும், நீங்கள் எங்களுக்குச் சொந்தமில்லை என்ற உண்மையை நானே உட்கார வைத்துச் சொல்வேன், இது சத்தியம். நம்புவாளா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூக்கைப் பார்க்கச் சொல்வாள்.

உங்களுக்கு இலை போட்ட உறவில் பேரன் மனைவி,
கவினாவின் அம்மா