இடைச்சுவரில் ஒரு கதவு

பெரம்பலூர், துறைமங்கலம்
12.6.1983

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் லீவில் வந்து அரியலூரில் பேசி முடித்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். ரயிலடி பக்கம் என்றீர்கள். உங்கள் அக்கா வீட்டோடு ஒட்டிய வீடு என்று சொல்லவில்லை. இடைச்சுவரில் கரிக்கோடு போட்டிருந்தது.

"இங்க ஒரு கதவு வெச்சுட்டா ரெண்டு வூட்டுக்கும் ஒரே அடுப்பு போதும்டி," என்றார் அக்கா. அவருக்குப் பதினோரு வருஷம் நான் அடுப்பூதியது போதாதா?

என் நகையை விற்று, என் பெயரில், இங்கே வீடு வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினேன். நாத்தனார் காய்ச்ச வேண்டிய பாலாம். நான் காய்ச்சியும் நன்றாகத்தான் பொங்கியது.

நீங்கள் வரலாம். இந்த வீட்டுக்கு ஒரே வாசல்தான். கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அம்மா