நகுலேஸ்வரருக்கு வைத்த தாடி

சுன்னாகம்,
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் தனுஷிகாவுக்கு,

நகுலேஸ்வரர் அருளால் நானும் அப்பாவும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். இந்த வீட்டில் இப்போது அதைச் சும்மா பேச்சுக்கு எழுதுவதில்லை. நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

நீ டொரண்டோவிலிருந்து அனுப்பிய பெரிய மாஸ்க் வந்து சேர்ந்தது. கோபிக்காதே, அது அப்பாவுக்குத் தேவைப்படவில்லை. நடந்ததைக் கேள். அவருடைய நரம்பு நோய் நெஞ்சுத் தசையையும் தளர்த்திவிட்டதால் ஐப்பசியில் இரவில் போட்டுப் படுக்க மூச்சு மெசின் தந்தார்கள் அல்லவா, அப்போது தயாளினி நேர்ஸ் அளவு பார்த்துத்தான் மாஸ்க்கைப் போட்டுவிட்டார். முதல் கிழமையே அப்பா தலையிடி இல்லாமல் எழும்பித் தேத்தண்ணி கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு நேர்த்தி வைத்தேன், சிவராத்திரி வரை அவர் தாடி வழிக்காமல் வளர்த்து, கீரிமலை நகுலேஸ்வரர் கோயிலில் கொண்டுபோய் இறக்குவதென்று. நேர்த்தி என்னுடையது, தாடி அவருடையது, அதற்கும் அந்த மனுஷன் தலையாட்டினார்.

தாடி வளர வளர மாஸ்க் சீறத் தொடங்கியது. நான் வாரை இறுக்கி இறுக்கி அவருடைய மூக்கு புண்ணாகியதுதான் மிச்சம். தலையிடியும் திரும்பி வந்தது, சாப்பாட்டிலும் மனமில்லை. நோய் முற்றிவிட்டதென்றே நினைத்தேன். மாஸ்க் போதாமல் போனால் அடுத்தது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார், அது வேண்டாமென்று அப்பா சொன்னது உனக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் உன்னிடம் அழுது அழுது பெரிய மாஸ்க் கேட்டேன்.

போன கிழமை தயாளினி வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தவுடனே, "அன்ரி, தாடிக்கு மேலை மாஸ்க் ஒட்டாது, காத்து முழுக்க வெளியிலை போகுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சுக்காக வைத்த நேர்த்தியே மூச்சைக் கெடுத்திருக்கிறது. ஆனால் சாமிக்குச் சொன்ன சொல்லை எப்படி மீறுவது? அப்பாவைப் பார்த்தேன். "வழிக்க வேண்டாம்" என்றார். அவருக்கும் சாமிக்குப் பயம்தான் என்று நான் எழும்பி அடுப்படிப் பக்கம் திரும்ப, பின்னால் மீதி வருகிறது, "எண்டு ஆர் சொன்னது?" நடுவில் மூச்சு எடுத்திருக்கிறார்! எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சலூன் றமேஸைக் கூப்பிட்டு அன்றைக்கே வழித்தோம். முடியை மஞ்சள் துணியில் முடிந்து சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறேன், சிவராத்திரிக்குக் கீரிமலைக்குக் கொண்டுபோவேன்.

இப்போது மாஸ்க் சீறுவதில்லை. நோய் போகவில்லை, போகாதென்றும் தெரியும். ஆனாலும் விடிய எழும்பிப் பசிக்குது என்கிறார், எனக்கு அது போதும். தயாளினியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கரண்ட் போனால் என்று நீ பயப்படவேண்டாம், பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரோபர் பற்றரி பூட்டித் தந்திருக்கிறார், நல்ல மனுஷன். உன் மாஸ்க்கைப் பெட்டி உடைக்காமல் தயாளினியிடம் கொடுத்தேன். வட்டுக்கோட்டையில் இதே நோயோடு இருக்கும் சீவரத்தினம் என்பவருக்கு அளவாக இருந்ததாம். அவர் மனைவி எனக்குப் போன் எடுத்து உன்னை வாழ்த்தி அழுதார். அந்தப் புண்ணியம் உனக்குத்தான் பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எல்லா நலமும் உங்களைச் சேரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா போனில் கதைக்கும்போது இடையில் நின்றால் முடிந்துவிட்டதென்று நினைக்காதே. போன ஞாயிறு "பிள்ளை, நான்" என்று அவர் நிறுத்த, நீ "சரியப்பா, வைக்கிறன்" என்று வைத்துவிட்டாய். அவர் போனைக் காதில் வைத்தபடியே மீதியைச் சொல்லி முடித்தார். நான் கேட்டேன். அதை இதில் எழுதமாட்டேன், இது கிடைத்த பிறகு வரும் ஞாயிறு பொறுத்திருந்து அவர் வாயால் கேள்.

உன் அன்பு அம்மா,
பத்மாசினி